தோக்கியோவில் முள்ளங்கிப் படையல்

கோயிலில் பார்க்கிறவங்க எல்லாம் ஜப்பான் பயணம் எப்படின்னு கேக்குறீங்க. அதான் எழுதுறோம்.

ஒன்றரை வயசுப் பிள்ளையோட கிளம்பினப்ப பாட்டி முகங்கொடுத்துப் பேசல. 1943-ல் அவங்க அப்பாவை சயாம் மரண ரயில் வேலைக்கு ஜப்பான்காரன் கொண்டு போனான். அவர் திரும்பி வரல.

தோக்கியோ ரயில்ல அவ்வளவு அமைதி. எங்க பையன் மட்டும் அலறினான். கூனிக் குறுகி நின்னோம். எதிரில் இருந்த வயசான அம்மா முகத்தை மூடித் திறந்து, "இனாய் இனாய் பா" என்றாங்க. பையன் சிரிச்சிட்டான்.

அசாகுசா பக்கம் மாட்சுச்சியாமா ஷோடென் கோயில். பௌத்தத்தோடு கடல் தாண்டிப் போன நம்ம கணபதிதான் அங்கே மூலவர். ஆனா சிலையைக் காட்ட மாட்டாங்க. படையல், நம்ம கோலா தெர்லா தோட்டத்துல விளையுற மாதிரி வெள்ளை முள்ளங்கி! நாங்களும் ஒண்ணு வாங்கினோம். பையன் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். வாங்கிப் படைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

கோயில் வாசலில் இருந்தே வீடியோ காலில் பாட்டிக்குக் காட்டினோம். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "எங்கப்பா பேரைச் சொல்லிக் கும்பிட்டீங்களா?" என்றாங்க.

சொல்லல. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு மறுபடி படியேறினோம்.

வர்ற சதுர்த்திக்கு நம்ம கோயிலில் அவர் பேரில் அர்ச்சனை. பாட்டியும் வர்றாங்க. நீங்களும் வந்துடுங்க.