எரவாணத்தில் இருந்த பறை

2025 குடியரசு நாளுக்கு முந்தைய இரவு. மரக்காணம் உப்பளத்தில் பாத்தி மிதிக்கிற பருவம். வேலை முடித்து வந்த அப்பா, வெடித்த குதிகாலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். தம்பி செல்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "அண்ணே, வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ!"

தம்பியும் அவன் கூட்டாளிகளும் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானின் தீவிர ரசிகர்கள். அவர் வாசிக்கும் காணொளிகளை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். இடக்கையின் நீளக் குச்சி எங்கே விழுகிறது, வலக்கையின் கட்டைக் குச்சி எப்போது பதில் சொல்கிறது, அடி மாறும்போது கால் எப்படி மாறுகிறது என்று விடிய விடியச் சண்டை போடுவார்கள். சினிமா நடிகருக்கு ரசிகராக இருப்பதைவிட இதில் உழைப்பு அதிகம். பார்த்ததைத் தன் கையில் கொண்டுவர வேண்டும். கடல் காற்றில் தோல் தொய்ந்துபோகும். வைக்கோல் கொளுத்தித் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டும்.

நான் அந்தக் கூட்டத்தில் தாமதமாகச் சேர்ந்தவன். கல்லூரியில் நான் "பறையை விடு" என்ற பக்கம். காரணம் அப்பாதான். ஊரில் யார் செத்தாலும் ஆள் வரும், அப்பா போக வேண்டும். இரவு முழுக்க அடித்துவிட்டு, காலையில் தெருவோரம் தனியாகப் போட்ட இலையில் சாப்பிட்டு வருவார். நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் அதைப் பார்த்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்ததும் இலையை மூடினார். அன்றோடு பறை எரவாணத்தில் ஏறியது. அதனால்தான் தம்பி குச்சியைக் கையில் எடுத்தபோது எனக்குக் கோபம் வந்தது. வேலு ஆசானை அவன் காட்டித்தான் பார்த்தேன். குனியாத முதுகோடு ஒருவர் பறையோடு நிற்க முடியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

விருதுச் செய்தி வந்த இரவில் ஊர்க்காரர் ஒருவரும் வாட்ஸ்அப்பில் பகிர்ந்திருந்தார். "வேலு ஆசான் ஐயாவுக்கு வாழ்த்துகள். தமிழனின் ஆதி இசைக்கு மரியாதை." தம்பி அதற்கு இதயம் போட்டான்.

ஒரு மாதம் கழித்து அதே மனிதர் எங்கள் வாசலில் பைக்கை நிறுத்தினார். வண்டியை விட்டு இறங்கவில்லை. அவர் வீட்டில் ஒரு சாவு. அப்பாவைவிட இருபது வயது சின்னவர். "ராத்திரிக்கு மேளத்தோட வந்துடு" என்றார்.

"நான் விட்டுப் பல வருஷம் ஆச்சுங்க."

"உன் பையன் அடிக்கிறானே. அவன அனுப்பு."

"அது அவன் இஷ்டங்க. ஊருக்குச் செய்யற வேலை இல்ல."

அப்பா எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை. அடுத்த வாரம் உப்பு மூட்டை ஏற்ற அவரைக் கூப்பிடவில்லை. அவருடைய அந்த ஒரு சொல்லுக்கு ஒரு வாரக் கூலி போனது.

மதுரையில் இருப்பவர் 'ஐயா', எதிரில் நிற்பவர் 'நீ'. இந்த ரசனை உலகத்துக்குப் புதிதல்ல. நியூயார்க்கின் ஹார்லெமில் காட்டன் கிளப் என்று ஒரு இடம் இருந்தது. 1927 முதல் டியூக் எலிங்டன் தன் குழுவோடு அங்கே வாசித்தார். மேடையில் கறுப்பர்கள், நாற்காலிகளிலோ வெள்ளையர்கள் மட்டும். அங்கே கை தட்டியவர்களும் அந்த இசையை உண்மையாகவே ரசித்திருப்பார்கள். ஆனால் வாசித்தவரின் மக்களுக்கு ஒரு நாற்காலி கிடைக்க அந்த ரசனை போதவில்லை.

தோழர்களே, "பறையை விடு", "பறையை எடு" என்று நாம் விடுதி அறைகளில் இரண்டாகப் பிரிந்து வாதாடுகிறோம். இரண்டும் ஒரே கோரிக்கைதான் என்று இப்போது நினைக்கிறேன். எடுப்பதா விடுவதா என்பதைக் குச்சி பிடிக்கிற கை முடிவு செய்ய வேண்டும். வேலு ஆசானின் ரசிகர் என்று சொல்லிக்கொள்கிற யாரும், தன் ஊரில் ஒருவர் "வர மாட்டேன்" என்று சொல்லும்போது அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அவருக்குக் கூலி போகும் வாரத்திலும் நிற்க வேண்டும்.

போன ஐப்பசியில் எங்கள் தெருப் பாட்டி ஒருவர் இறந்தார். வாழ்நாள் முழுக்க உப்பு வாரியவர். யாரும் கூப்பிடாமலே அப்பா எழுந்தார். எரவாணத்துப் பறையின் தோல் உப்புக் காற்றில் பிளந்து கிடந்தது. தம்பி தன் பறையைக் காய்ச்சிக் கொடுத்தான். அப்பா வாசித்தார். சாவுக்கு வாசிப்பதில் இழிவு ஏதுமில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மறுக்க முடியாமல் வாசிப்பதில்தான் இருக்கிறது அது.

தம்பி செல்பேசியை எடுக்கவே இல்லை. அப்பாவின் இடக்கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜெய்பீம்.