முதலில் எதைப் புதுப்பிப்பது?

இல்லறம் நடத்துவோர் அன்றாடம் சந்திக்கும் கேள்விகளுள் மிகக் கடினமானது "எது தேவை?" என்பதன்று, "எது முதலில்?" என்பதே. கூரை ஒழுகுகிறது, மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும், மூதாட்டிக்குக் கண் அறுவை செய்ய வேண்டும். மூன்றும் தேவையே. ஆயினும் கையிலுள்ள பணம் ஒன்றுக்கு மட்டுமே போதும் என்னும் நிலையில், வரிசையைத் தீர்மானிப்பதே குடும்பத் தலைவனுக்கும் தலைவிக்கும் பெருஞ்சோதனையாகிறது.

அத்தகைய ஒரு கேள்வியையே இத்திங்கள் வாசகர் முன் வைக்க விழைகிறோம். வீட்டில் பழைய கணிப்பொறி ஒன்று இருக்கிறது, வேகம் குன்றிவிட்டது, செலவிடச் சிறு தொகையே உண்டு. அதன் உறுப்புகளுள் எதை முதலில் மாற்றுவது? பீடத்தருகே நிற்கவேண்டிய குருவுக்குக் கணிப்பொறியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். நம் மக்களின் வியர்வைக் காசு எங்கே வீணாகிறதோ, அங்கே குருவுக்கும் பேச்சு உண்டு.

மேல்மலையனூர் என்றதும் தமிழகத்தார் பலருக்கும் அங்காளம்மன் கோவிலும், அமாவாசை இரவில் அங்குத் திரளும் பெருங்கூட்டமுமே நினைவுக்கு வரும். அக்கூட்டம் கலைந்த மறுநாள் இவ்வட்டாரம் மீண்டும் மல்லாட்டைக் கொல்லையும் நெல்வயலும் ஏரியுமாய் அமைதி கொண்டுவிடும். இங்குள்ள நம் குடும்பங்களுள் பலவும் கூலி வேலையாலும் சிறு வேளாண்மையாலும் வாழ்பவை. இவ்வீடுகளுக்குள் கணிப்பொறி நுழைந்தது கடைவழியாக அன்று, பள்ளிக்கூடத்தின் வழியாகவே. மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று, அறிஞர் அண்ணாவின் பிறந்தநாளில், தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் இலட்சக்கணக்கான இல்லங்களை அக்கருவி சென்றடைந்தது. அண்ணன் பெற்றதைத் தம்பியும், தம்பி விட்டதைத் தங்கையும் கையாள, இன்றும் பல வீடுகளில் அதுவே ஒரே கணிப்பொறியாக இருக்கிறது.

2024ஆம் ஆண்டில் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்தபின், அத்தகைய கருவி ஒன்றைத் துணிப்பையில் சுமந்து ஒரு தாயும் மகளும் நம்மிடம் வந்தனர். தாய் கணவரை இழந்தவர்; களையெடுப்பிலும் மல்லாட்டை பறிப்பிலும் கூலி பெற்று இரு பிள்ளைகளையும் ஆளாக்கியவர். மகன் பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற கணினி அது. மகன் வேலை தேடிச் சென்னை சென்றுவிட, மகள் அதைக்கொண்டு கல்லூரிப் பாடங்களை எழுதி வந்தாள். இப்போதோ பொத்தானை அழுத்திவிட்டு, செபமாலையின் ஒரு பத்து மணியைச் சொல்லி முடித்த பின்னரே திரையில் எழுத்துத் தட்டக் கூடியதாயிற்று.

"சாமி, கையில ரெண்டாயிரம்தான் இருக்கு. கடையில எல்லாத்தையும் மாத்தணும்னு சொல்றாங்க. இல்லன்னா தவணையில புதுசு எடுத்துக்கச் சொல்றாங்க. எதை மாத்தினா இது ஓடும்?" என்று அத்தாய் கேட்டார்.

"பணத்தைக் கொடுத்துவிட்டீர்களா, அம்மா?" என்றோம்.

"இன்னும் இல்லீங்க, சாமி."

"அப்படியானால் முதலில் இதற்கு எங்கே நோவு என்று பார்ப்போம்" என்று கூறி, செஞ்சியில் பழுதுபார்க்கும் தொழில் கற்ற நம் பங்கு இளைஞர் ஒருவரை அழைத்தோம்.

கணிப்பொறியின் உள்ளமைப்பைச் சமையலறையோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். பிராசசர் என்பது சமைக்கும் கை. ரேம் என்னும் தற்காலிக நினைவகம் அடுப்பருகே உள்ள மேடை. அப்போதைக்கு வேண்டியவற்றை அதன்மேல் எடுத்து வைத்துக்கொள்கிறோம். ஹார்டு டிஸ்க் என்பது உள்ளறையில் இருக்கும் குதிர். அனைத்தும் அங்கேதான் சேமிக்கப்பட்டிருக்கும். கை எவ்வளவு விரைவானதாயினும், ஒவ்வொரு பிடி அரிசிக்கும் உள்ளறைக்குச் சென்று மீள வேண்டுமாயின், சமையல் தாமதமாகவே முடியும். பழைய மடிக்கணினிகளின் ஹார்டு டிஸ்க்கில் ஒரு தட்டு நிமிடத்திற்குப் பெரும்பாலும் 5,400 முறை சுழல்கிறது. ஒரு சிறு கரம் அங்குமிங்கும் நகர்ந்து செய்தியைத் தேடி எடுக்கிறது. நொடிக்கு ஏறத்தாழ நூறு இடங்களைத்தான் அக்கரத்தால் தேடிச் செல்ல இயலும். அதற்கு மாற்றாக வந்த எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகத்திலோ அசையும் உறுப்பே கிடையாது. நொடிக்கு ஆயிரக்கணக்கான இடங்களிலிருந்து அது செய்தியை எடுத்துத் தரும்.

நோவை அறிய ஒரு செலவும் இல்லை. விண்டோஸ் இயங்கும் கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளை ஒருசேர அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' தோன்றும். பிராசசர், நினைவகம், டிஸ்க் ஆகிய ஒவ்வொன்றும் எவ்வளவு உழைக்கின்றது என்பதை அது விழுக்காட்டில் காட்டும். கணினியைப் புதிதாக இயக்கி, எதையும் திறவாத நிலையிலேயே டிஸ்க் நெடுநேரம் நூறு விழுக்காட்டில் நின்று, நினைவகத்தில் இடமிருந்தால், குற்றம் டிஸ்க்கினுடையது. மாறாக, தொடக்கத்தில் அமைதியாக இருந்து, இரண்டு மூன்று பக்கங்களைத் திறந்தபின் நினைவகம் நிரம்பி, அதன்பின் டிஸ்க் திணறத் தொடங்கினால், குற்றம் நினைவகத்தினுடையது. மேடையில் இடமில்லாதபோது பாத்திரங்களை உள்ளறைக்கே திருப்பி அனுப்புவதுபோல, நினைவகம் நிரம்பியதும் கணினி டிஸ்க்கின் ஒரு பகுதியையே நினைவகமாகக் கொள்கிறது. ஆகவே டிஸ்க் மெதுவானதாயின், அதன் கேடு இருமடங்காகிறது.

அப்பெண்ணின் கணினியில் நினைவகம் 4 ஜி.பி. அதில் பாதியளவு ஒழிந்தே இருந்தது. பிராசசர் ஓய்வாகக் காத்திருந்தது. டிஸ்க் மட்டும் நூறில் நின்றது. விடை வந்துவிட்டது: முதலில் மாற்றவேண்டியது டிஸ்க். நினைவகம் அடுத்த அறுவடைக்குக் காத்திருக்கலாம்.

ஆனால் திருப்புளியை எடுக்குமுன் நாம் அம்மகளிடம் கேட்டது வேறு: "இதனுள் இழக்கக்கூடாதது ஏதேனும் உண்டா?" அவள் தாயை நோக்கினாள். மறைந்த தந்தையின் நிழற்படங்கள் அதில் இருந்தன. வேறெங்கும் படி இல்லை. சுழலும் டிஸ்க் ஒருநாள் முன்னறிவிப்பின்றி நின்றுவிடக் கூடியது. ஆகவே பங்கு அலுவலகத்தின் பென் டிரைவில் அப்படங்களையும் சான்றிதழ்களையும் படியெடுத்த பின்னரே பழுதுபார்ப்பு தொடங்கியது. எதைப் புதுப்பிப்பது என்று வினவுமுன், எதைக் காப்பது என்று வினவுவதே முறை.

256 ஜி.பி. கொண்ட எஸ்.எஸ்.டி. ஒன்று அவர்களது தொகைக்குள் அடங்கியது. காற்றாடியில் அடைந்திருந்த தூசியையும் அவ்விளைஞர் நீக்கினார். வெப்பம் மிகுந்தால் பிராசசர் தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பது பலர் அறியாதது. மாலையில் கணினியை இயக்கியபோது, இரண்டு அருள்நிறைந்த மந்திரம் சொல்லி முடிவதற்குள் அது எழுதத் தயாராயிற்று. தவணைக் கடன் ஒன்று அக்குடும்பத்தின் வாயிற்படியோடு திரும்பிச் சென்றது.

இந்த வரிசை எல்லோர்க்கும் பொருந்தும் என்று கூறோம். திட்டத்தின் முதலாண்டுகளில் வந்த கணினிகள் பலவற்றில் நினைவகம் 2 ஜி.பி. மட்டுமே, அங்கு மேடையே மிகக் குறுகியது என்பதால், நினைவகத்திற்கு முதலிடம் தர நேரிடலாம். மின்சாரம் அடிக்கடி நிற்கும் ஊரில், பேட்டரி செத்த கணினி எழுதிய பாடத்தோடு அணைந்துபோகுமாயின், அங்கு பேட்டரியே முதலாவது. பிராசசரோ பெரும்பாலான மடிக்கணினிகளில் பலகையோடு பற்றவைக்கப்பட்டது. அதை மாற்றும் பேச்சே வேண்டா. தாய்ப்பலகையே பழுதாயின், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றாகிவிடும். அங்கே நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

வாங்கும் உறுப்பு பழைய கருவிக்கு ஒத்ததா என்பதையும் பார்க்க வேண்டும். பழைய ஆடையில் புதுத்துணியை ஒட்டுப்போட்டால் கிழிசல் பெரிதாகும் என்று நம் ஆண்டவர் கூறியதை அறிவோம். டி.டி.ஆர். 4 வகை நினைவகம் டி.டி.ஆர். 3க்கு உரிய துளையில் பொருந்தாது. வன்மையாய்ச் செருகினால் இரண்டும் கெடும். மென்பொருளுக்கும் இது பொருந்தும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிய இலவசப் பாதுகாப்பு ஆதரவு பொதுவாக 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11ஓ இப்பழைய கருவிகளுள் பலவற்றை ஏற்பதில்லை. அதனால் அவற்றைக் குப்பையில் எறிய வேண்டியதில்லை. நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் முதலிய லினக்ஸ் வகைகள் விலையின்றிக் கிடைக்கின்றன, தமிழிலும் இயங்குகின்றன. மேலும், செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கணிப்பொறிக் கூடங்கள் நினைவகச் சில்லுகளைப் பேரளவில் வாங்கியதால், 2025இன் பிற்பகுதியில் நினைவகத்தின் விலையும் எஸ்.எஸ்.டி.யின் விலையும் உலகெங்கும் ஏறின. எங்கோ நிகழும் பெருவாணிகத்தின் சுமை மேல்மலையனூர்க் கூலித் தொழிலாளியின் முந்தானை முடிச்சையும் வந்து தொடுகிறது. எனவே முதலில் எது என்னும் தெளிவு முன்னிலும் இன்று தேவைப்படுகிறது.

புனித இஞ்ஞாசியார் தம் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் தனிச்சோதனை என்னும் ஒரு முறையைக் கற்பிக்கிறார். குருமடத்தில் பயின்ற நாளில் நாமும் அதைக் கற்றோம். எல்லாக் குறைகளையும் ஒரே நாளில் களைய முயலாமல், ஒரேயொரு குறையைத் தெரிந்தெடுத்து, அதில் வீழ்ந்த தடவைகளை நாள்தோறும் கோட்டின்மேல் புள்ளியிட்டுக் குறித்து, அது குறைகிறதா என்று நோக்கச் சொல்கிறார். அதன் நுட்பம் யாதெனில், எண்ணிப் பார்க்காமல் திருத்தத் தொடங்காதே என்பதாகும்.

நம் இல்லங்களையும் அவ்வாறே நோக்கலாம். வீட்டில் அமைதி குன்றும்போது பெரிய தொலைக்காட்சியும் புதிய வண்டியும் வாங்கி அதைச் சரிசெய்ய முனைவோர் உண்டு. அங்கே மற்ற எல்லாவற்றையும் காக்க வைத்துத் தடுப்பது, தந்தையின் மாலைநேரக் குடியாக இருக்கலாம். நின்றுபோன குடும்பச் செபமாக இருக்கலாம். இரு சகோதரர்க்கிடையே ஆண்டுக்கணக்கில் நிற்கும் பேச்சற்ற நிலையாக இருக்கலாம். அந்த ஒன்று சீர்பட்டால், ஏனையவை பெருஞ்செலவின்றித் தாமே நடைபெறத் தொடங்கும்.

ஆகவே, அன்பார்ந்த பெற்றோரே, பிள்ளையின் கணினிக்காகக் கடைக்குச் செல்லுமுன் ஒருநாள் பொறுத்திருந்து, எது தடை என்று கண்டறியுங்கள், காக்கவேண்டியதைக் காத்துக்கொள்ளுங்கள், கடன் வாங்காமல் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அதன் பயனைக் கண்டபின் அடுத்ததை எண்ணுங்கள். சிறு பொருளைக்கொண்டு தேவையானதை முதலில் செய்யும் ஞானத்தை ஆண்டவர் நம் குடும்பங்களுக்கு அருள்வாராக.