ஒரு எலுமிச்சையில் எத்தனை மில்லி?

சமையல் குறிப்பு எழுதுபவர்கள் எல்லோரும் சேர்ந்து நமக்கு ஒரு துரோகம் செய்கிறார்கள். அரிசி ஒரு ஆழாக்கு, உப்பு ஒரு டீஸ்பூன் என்று பொறுப்பாக எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் "எலுமிச்சை - 1" என்று முடித்துவிடுவார்கள். எந்த எலுமிச்சை சாமி? கோலிக்குண்டு சைஸா, டென்னிஸ் பந்து சைஸா?

எங்கள் வீட்டில் இது காசு விஷயம். அம்மா தாம்பரம் சானடோரியம் பக்கம் தங்கி வேலைக்குப் போகும் சில பேருக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறார். வியாழக்கிழமை எலுமிச்சை சாதம். ஒரு கிலோ அரிசிக்கு ஆறு பழம் என்பது அம்மா கணக்கு. சில வாரம் டப்பா காலியாகத் திரும்பும், சில வாரம் "இன்னிக்கு சப்புன்னு இருந்துச்சுக்கா" என்று போன் வரும். 2022 ஏப்ரலில் ஒரு பழம் பத்து ரூபாய் வரை போனபோது எலுமிச்சை சாதத்தையே நிறுத்திவிடலாமா என்று யோசித்தார். அப்போதிருந்தே எனக்கு இந்த அரிப்பு.

போன வாரம் மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலை மார்க்கெட்டில் பத்து பழம் வாங்கினேன். ஐந்து மஞ்சள், தோல் மெலிசு, ஒன்று 5 ரூபாய். ஐந்து பச்சை, தோல் தடிமன், ஒன்று 4 ரூபாய். இருமல் மருந்து மூடியில் அளக்கலாம்தான், ஆனால் அதன்மேல் நம்பிக்கை வரவில்லை. கெமிஸ்ட்ரி படிக்கும் நண்பன் சொந்தமாக வைத்திருந்த 100 மில்லி மெஷரிங் சிலிண்டரை இரவல் வாங்கி, நன்றாகக் கழுவி (அம்மா மூன்று முறை கழுவினார்) உட்கார்ந்தோம்.

மஞ்சள் ஐந்தும் சேர்த்து 205 கிராம், சாறு 92 மில்லி. பச்சை ஐந்தும் 210 கிராம், சாறு 63 மில்லி. எடை ஏறக்குறைய ஒன்றுதான். சாறு மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைவு!

அதாவது ஆறு மஞ்சள் என்றால் 110 மில்லி, ஆறு பச்சை என்றால் 76 மில்லிதான். போன் வந்த வாரங்களின் ரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன். விலையையும் போட்டுப் பார்த்தேன். மஞ்சளில் ஒரு மில்லி 27 பைசா, பச்சையில் 32 பைசா. நாலு ரூபாய்ப் பழம்தான் விலை அதிகம் :-)

பிழிவதற்கு முன் பழத்தைத் தரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டுவது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. உள்ளே சுளைக்குள் இருக்கும் குட்டிக்குட்டி சாற்றுப் பைகள் அப்போதே உடைந்துவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பழம் கல் மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் இளகும்.

இன்னொரு குழப்பம், வெளிநாட்டு சமையல் குறிப்புகள். அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியலில் ஒரு எலுமிச்சையின் சாறு 48 கிராம். அது பெரிய மஞ்சள் லெமன். புளியங்குடியிலிருந்து வரும் நம் பழம் வேறு இனம், அவர்கள் லைம் என்று சொல்லும் வகை. அங்கே ஒன்று என்றால் இங்கே இரண்டரை. இது தெரியாமல் கேக் செய்கிறவர்கள் எத்தனை பேரோ.

அம்மாவிடம் மில்லி கணக்கு செல்லாது. அதனால் ஒரு எவர்சில்வர் டம்ளரில் 110 மில்லி ஊற்றி, அந்த மட்டத்தில் ஆணியால் ஒரு கோடு கீறிக் கொடுத்தேன். "புது டம்ளரைக் கெடுத்துட்டியேடா" என்றார். இந்த வியாழக்கிழமை அந்தக் கோடு வரை வர ஏழு பழம் பிடித்தது.