ராணிக்குக் கால்வலி

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் சாலையில் வெண்ணாற்றுப் பாலம் தாண்டியதும் ஒரு தென்னந்தோப்பு. இரண்டு மரங்களுக்கு நடுவே கறுப்புத் துணி கட்டி, விளக்கு நிறுத்தியிருந்தார்கள். பக்கத்திலேயே சம்பா நாற்றங்கால். சென்னையிலிருந்து வந்திருந்த காமிராக்கார இளைஞருக்கு அந்தப் பச்சை வேண்டாமாம். பொய்க்கால் குதிரை ராணியின் 'வேஷத்துக்குப் பின்னால் இருக்கும் சோகம்'தான் வேண்டும்.

ராணிக்கு ஐம்பது வயது இருக்கும். ராஜா வேஷம் கட்டுபவர் அவர் வீட்டுக்காரர். பீடியோடு வரப்பில் உட்கார்ந்திருந்தார். புரட்டாசி என்பதால் இருவரும் கிடைத்தார்கள். பங்குனி, சித்திரை என்றால் ஏதாவது ஓர் அம்மன் கோயில் வாசலில் நையாண்டி மேளத்துக்கு ஆடிக்கொண்டிருப்பார்கள்.

ராணியின் முகத்தில் பாதிக்கு மட்டும் ரோஸ் பவுடரும் ஜிகினாவும். மறுபாதி வெறும் முகம். வேஷக்காரர் முகத்தில் கதை தேடுவது பழைய யோசனைதான். 1854-55இல் பாரிஸில் புகைப்படக்காரர் நதாரும் அவர் தம்பி ஆத்ரியனும் ஊமைக்கூத்து நடிகர் ஷார்ல் தெபுரோவை பியரோ என்ற வெள்ளை முகக் கோமாளி வேஷத்தில் வரிசையாகப் படமெடுத்தார்கள். கோமாளியின் சோகம் இன்றும் காமிராக்காரர்களை விட்டபாடில்லை.

"கொஞ்சம் கண்ணு கலங்கணும்க்கா. ஏதாவது கஷ்டத்த நெனச்சுக்குங்க."

"கஷ்டமா? எத்தன மணி வரைக்கும் தம்பி படம் புடிப்பீங்க?"

வரப்பிலிருந்து ராஜா சிரித்தார். கடைசியில் கிளிசரின் வந்தது. கண்ணீர் பவுடரில் கோடு போட்டு இறங்கியது. படம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, எனக்கு ஒட்டவில்லை. இந்த ஆட்டத்தில் முகத்தை யாரும் மறைப்பதில்லையே. குதிரைக் கூட்டைச் சுற்றித் தொங்கும் துணி மறைப்பதெல்லாம் காலை.

ஓய்வு விட்டபோது ராணி அந்தத் துணியைத் தூக்கிக் காட்டினார். காலைச் சுற்றிப் பழைய வேட்டிக் கிழிசல், அதன்மேல் மரக்கட்டை, இறுக்கிக் கட்டிய கயிறு. கயிற்றை அவிழ்த்ததும் கெண்டைக்காலில் வரிவரியாகப் பள்ளம். கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்துக் காய்த்துப்போயிருந்தது. கட்டைமேல் சும்மா நிற்க முடியாது, சாய்ந்துவிடும். மேளம் ஓய்ந்தாலும் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். குதிரை துள்ளுகிறது என்று ஊர் கைதட்டுவதில் பாதி இதுதான்.

"சாமிக்கு முன்னாடி தார் ரோட்டுல ரெண்டு மணி நேரம்னாலும் ஆடிடலாம். மணல்லதான் கட்ட புதையும்" என்றார் தைலம் தேய்த்தபடி.

இளைஞர் அந்தக் காலையும் ஒரு படம் எடுத்தார். திரையில் பார்த்துவிட்டு, முகம் இல்லையே என்று அடுத்ததற்குப் போய்விட்டார். அன்று எடுத்ததில் அது ஒன்றுதான் தேறும் என்பது என் கட்சி.

கிளம்பும் நேரத்தில் ராணி கேட்டார்: "தம்பி, ஃப்ளெக்ஸுக்கு ஆகுறாப்புல ஒண்ணு. அவரோட சேந்து, சிரிச்சாப்புல."

கறுப்புத் துணியை அவிழ்த்தார்கள். ராணி மறுபாதி முகத்துக்கும் பவுடர் பூசிக்கொண்டார். ராஜா பீடியை அணைத்துவிட்டு, தலைப்பாகையைச் சரிசெய்து வந்து, காமிராக்காரர் எங்கே நிற்க வேண்டும் என்று இடம் காட்டினார். ஃபோன் நம்பர் போடக் கீழே இடம் விட்டு எடுக்கவும் சொன்னார்.