தொலைபேசியில் வந்த குரல்

முதுமையில் கண் மங்கியிருந்த ஈசாக்கிடம் இளைய மகன் யாக்கோபு மூத்தவனின் ஆடையை உடுத்தி, கைகளிலும் கழுத்திலும் ஆட்டுக்குட்டித் தோலைச் சுற்றிக்கொண்டு வந்து ஆசியைப் பெற்றுச் சென்ற நிகழ்ச்சியைத் தொடக்கநூல் 27-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். குருமடத்தில் இப்பகுதியை விளக்கிய பேராசிரியர் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ஈசாக்கின் செவி ஏமாறவில்லை. வந்திருப்பது யாக்கோபின் குரல் என்பதை அது சரியாகவே அறிந்துகொண்டது. அவரை ஏமாற்றியவை அவர் தொட்டுப் பார்த்த கைகளே. அன்று அதைத் தேர்வுக்குரிய குறிப்பாக எழுதி வைத்துக்கொண்டோம். தொடுவதற்குக் கையும் இல்லாமல், முகர்வதற்கு ஆடையும் இல்லாமல், குரல் ஒன்றே நம் வீட்டுக்குள் வந்து நிற்கும் காலம் வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் நம் ஆயர் நம்மைச் சில ஆண்டுப் பணிக்காக வட இங்கிலாந்துக்கு அனுப்பினார். லங்காஷயரில், பழைய பஞ்சாலைகளின் புகைபோக்கிகள் இன்னும் சில நிற்கும் ஒரு சிறு நகரில் பங்குத்தந்தையானோம். மொழி தெரியும், வழிபாடு தெரியும், குளிரும் மெல்லப் பழகிவிடும் என்று எண்ணினோம். தெரியாமற்போனது மின்கட்டணம்.

நம் நாட்டில், மின்சாரம் என்றால் மின்வாரியம். அதற்குமேல் வீட்டுக்காரருக்குத் தேர்வு இல்லை. அங்கே அவ்வாறன்று. எரிவாயு வழங்கும் நிறுவனத்தை ஒவ்வொரு வீட்டாரும் தாமே தேர்ந்துகொள்ளலாம் என்பது 1998-க்குள்ளும், மின்சாரத்துக்கும் அவ்வாறே என்பது 1999-க்குள்ளும் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்துவிட்டன. நிறுவனத்தை மாற்றினால் வேறொரு கம்பி வீட்டுக்கு வரும் என்றே முதலில் நினைத்தோம். அதே கம்பி, அதே குழாய், அதே மீட்டர். மாறுவது பட்டியலின் தலைப்பில் உள்ள பெயரும் யூனிட்டுக்கான விலையுமே. ஒரே நிறுவனத்திடம் ஆண்டுக்கணக்காக இருப்பவர், பெரும்பாலும் முதியவர், மிகுந்த விலை கொடுப்பதும், அடிக்கடி மாறுகிறவர் குறைந்த விலை கொடுப்பதும் அங்கு வழக்கமாயிருந்தன. மாறாதிருப்போர் செலுத்தும் விலைக்கு 2019 ஜனவரியில்தான் உச்சவரம்பு வந்தது. ஆகவே அரசும், கட்டண ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெமும், செய்தித்தாள்களும் ஒரே குரலில், ‘மாறுங்கள், மிச்சப்படுத்துங்கள்’ என்று மக்களிடம் சொல்லிவந்தன. நல்ல அறிவுரைதான். ஏமாற்றுக்காரன் சொல்வதும் எழுத்துப் பிசகாமல் அதுவே. நச்சுக்காளானும் நற்காளானும் ஒரே குப்பையில் ஒரே நிறத்தில் முளைத்தால் பறிக்கிறவர் என்ன செய்வார்?

நவம்பர் மாதத்தில் ஒரு நாள். மாலை நான்கரை மணிக்கே இருட்டிவிட்டது. அடக்கத் திருப்பலி ஒன்றை முடித்து, கல்லறையில் நின்ற குளிர் இன்னும் காலைவிட்டு நீங்காத நிலையில், பங்கு இல்லத்தின் நடையில் இருந்த தொலைபேசி ஒலித்தது. எடுத்தோம். இளைஞன் குரல். ‘ஐயா, உங்கள் பகுதியின் மின்கட்டணம் தொடர்பாக அழைக்கிறேன். கட்டணம் செலுத்துகிறவர் நீங்கள்தாமே?’ ‘ஆம்’ என்றோம். அவன் ஆங்கிலத்தில் நம் நாட்டின் சாயல் இருந்தது. நம் பேச்சிலும் அதை அவன் கண்டிருக்க வேண்டும். ‘ஐயா இந்தியரா?’ என்று கேட்டான். இரண்டு மாதமாக நம்மிடம் அவ்வாறு அன்போடு கேட்டவர் எவருமில்லை. குளிருக்குப் பழகிவிட்டீர்களா, அரிசி கிடைக்கிறதா என்றெல்லாம் விசாரித்தான். பிறகு, நம் வீடு செலுத்தும் கட்டணம் மிக அதிகம் என்றும், அதைச் சரிசெய்யத் தனக்கு ஓர் எண் மட்டும் போதும் என்றும் சொன்னான். பட்டியலின் ஒரு மூலையில் பெரிய ‘எஸ்’ என்ற எழுத்தோடு கட்டங்களுக்குள் அச்சிட்டிருக்கும் 21 இலக்க எண் அது. கண்ணாடியை எடுத்து வந்து, இலக்கம் இலக்கமாக வாசித்துக் காட்டினோம். இடையிடையே அவன் கேட்டவற்றுக்கெல்லாம் ‘ஆம், ஆம்’ என்றோம். முடிவில் ‘கடவுள் உன்னை ஆசீர்வதிப்பாராக, தம்பி’ என்றும் சொன்னோம். ஆட்டுத்தோலும் சமைத்த கறியும் இல்லாமலே ஆசியைப் பெற்றுக்கொண்டு போய்விட்டான்.

மூன்று வாரம் கழித்து இரு கடிதங்கள் வந்தன. ஒன்று, நம்மைப் பிரிவதற்கு வருந்துவதாகப் பழைய நிறுவனம் எழுதியது. மற்றொன்று நாம் கேள்விப்பட்டிராத ஒரு நிறுவனத்தின் வரவேற்பு. யூனிட் விலை முன்னையதைவிடக் கூடுதல். பங்கின் நிதிக்குழுப் பொருளாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. இரு கடிதங்களையும் மேசைமேல் அருகருகே வைத்து, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நம்மைப் பார்த்தார். அவர்தாம் நமக்கு விளங்க வைத்தார். அந்த எண் நம் வீட்டு மின்னிணைப்பின் அடையாளம். அதையும், நாம் சொன்ன ‘ஆம்’ என்ற சொல்லின் ஒலிப்பதிவையும் கொண்டு நம் சம்மதமென்று காட்டி இணைப்பை மாற்றிவிட்டார்கள். இப்படிச் சேர்க்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் தரகருக்குத் தொகை உண்டு. இதற்குத் தீர்வும் உண்டு என்றார். தொலைபேசியில் செய்த ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே நீக்கிக்கொள்ளலாம். அந்த நாள்கள் கடந்திருந்தாலும், உண்மையான சம்மதமின்றி நடந்த மாற்றம் தவறான மாற்றமே. பழைய நிறுவனம், புதிய நிறுவனம் இரண்டில் எதனிடம் முறையிட்டாலும் அது பொறுப்பேற்றுத் திருப்பித் தர வேண்டும். பொருளாளர் கடிதம் எழுதினார், தொலைபேசியில் காத்துக் கிடந்தார். ஆறு வாரத்தில் எல்லாம் பழைய நிலைக்கு வந்தது. காசு அதிகம் போகவில்லை.

‘இதைப் பங்கில் யாரிடமும் சொல்ல வேண்டாம்’ என்று அவரைக் கேட்டுக்கொண்டோம். சிறிய காரியந்தானே என்று காரணமும் சொன்னோம். உண்மைக் காரணம் வேறு. புதிதாக வந்த அயல்நாட்டுக் குருவானவர் ஒரு தொலைபேசி அழைப்பில் ஏமாந்தார் என்ற பேச்சு கோவில் முகப்பில் நடப்பதை நம் மனம் பொறுக்கவில்லை. ‘நாம்’ என்று பன்மையில் எழுதுவது நமது வழக்கம். அன்று ஏமாந்ததும் வெட்கப்பட்டதும் மறைத்ததும் ஒரே ஆள்.

2019 பிப்ரவரியில், நோயாளர்க்கு நற்கருணை கொண்டு செல்லும் வழியில், அயர்லாந்தின் மேயோ பகுதியில் பிறந்து, இளம்பெண்ணாகப் பஞ்சாலை வேலைக்கு வந்து, கணவரை இழந்து தனியே வாழ்ந்த மூதாட்டி ஒருவரைப் பார்க்கச் சென்றோம். எண்பத்து மூன்று வயது. மூன்று ஞாயிறாகத் திருப்பலிக்கு வரவில்லை. நற்கருணை உட்கொண்ட பிறகு, தேநீரைக் கோப்பையில் ஊற்றியவாறே அவர் சொன்ன கதையின் முற்பகுதி அப்படியே நம்முடையது. அன்பான குரல், பட்டியல், அந்த எண், வரவேற்புக் கடிதம். பிற்பகுதி நமக்கு நேராதது. சில நாளில் இரண்டாவது அழைப்பு. ‘அம்மா, உங்கள் மின்னிணைப்பைத் தவறாக மாற்றியிருக்கிறார்கள். நாங்கள் ஆஃப்ஜெம். உங்களுக்கு 86 பவுண்டு திருப்பித் தர வேண்டியுள்ளது. வங்கி அட்டையின் எண்களைச் சொல்லுங்கள்.’ முதல் ஏமாற்றில் பட்ட காயத்தையே இரண்டாவதற்கு வாசலாக்கிக் கொண்டார்கள். ஆஃப்ஜெம் எவரையும் அழைத்து வங்கி விவரம் கேட்பதில்லை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. 640 பவுண்டு போயிற்று. வெட்கத்தால் இரண்டு வாரம் வங்கிக்கும் சொல்லவில்லை. தொலைபேசியின் இணைப்பைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டார். கனடாவில் இருக்கும் மகள் ஞாயிறு தோறும் அழைப்பவர். அந்த அழைப்பும் இல்லாமற்போயிற்று. பதறிய மகள் அண்டை வீட்டாருக்குச் சொல்லி, அவர்கள் வந்து கதவைத் தட்டியபோது, தொலைபேசி பழுது என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

இதையெல்லாம் சொல்லி முடித்து, ‘நான் ஒரு முட்டாள், ஃபாதர். உங்களைப் போன்ற படித்தவர்கள் இதில் விழுவீர்களா?’ என்றார்.

சொல்லியிருக்க வேண்டும். அந்த நொடியில் சொல்லியிருக்க வேண்டும். தேநீரைக் குடித்தோம். ‘வருந்தாதீர்கள், வங்கிக்குப் போவோம்’ என்று மட்டும் சொன்னோம். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நாள்களைக் கணக்கிட்டோம். நமக்கு நேர்ந்தது நவம்பரில். அவருக்கு முதல் அழைப்பு வந்தது ஜனவரியில். இடையில் எத்தனை ஞாயிறுகள், எத்தனை அறிவிப்புகள்! விற்பனைச் சந்தையையும் குலுக்கலையும் பற்றி அறிவித்த வாய்க்கு இதை அறிவிக்க அரை நிமிடம் போதாதா? கடமை தவறிய பாவத்தைப் பற்றிப் பிறருக்குக் கற்பித்திருக்கிறோம். ஒப்புரவு அருளடையாளத்தில் நம் பாவங்களை எண்ணிச் சொன்ன போதெல்லாம் இது எண்ணிக்கையில் வரவில்லை.

மார்ச் 10, தவக்காலத்தின் முதல் ஞாயிறு. மறையுரையில் சொல்லத் துணிவு வரவில்லை. அங்கே சொன்னால் நம்மை நாமே உயர்த்திக்கொள்வதாகவும் ஆகிவிடும். நன்றி மன்றாட்டு முடிந்தபின், அறிவிப்புகளோடு சொன்னோம். யார் அழைத்தான், நாம் என்ன வாசித்துக் காட்டினோம், கடைசியில் ஆசீர்வதித்தது உட்பட. கோவிலில் சிரிப்பெழுந்தது. பிறகு முகப்பில் பலர் காத்து நின்றார்கள். ஓய்வுபெற்ற காவலர் ஒருவர், மருத்துவமனைச் செவிலி ஒருவர், பொருளாளரின் சொந்த அண்ணன். ஒவ்வொருவரிடமும் ஒரு கதை. ஒருவரும் இதுவரை எவரிடமும் சொல்லாதது. பொருளாளரும் தம் அண்ணன் கதையை அன்றுதான் கேட்டார்.

மூதாட்டியும் அன்று வந்திருந்தார். எல்லாரும் போனபின் அருகில் வந்தார். சிரிக்கவில்லை. ‘அன்றே என் வீட்டில் சொல்லியிருக்கலாமே, ஃபாதர்’ என்றார். பதிலுக்குச் சொல்ல நம்மிடம் ஒன்றுமில்லை.

அதன்பின் பொருளாளர் ஓர் அட்டையைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, தொலைபேசிக்கு அருகில் ஒட்டுமாறு வீடு வீடாகக் கொடுத்தார். தாமாக அழைத்தவருக்கு எந்த எண்ணையும் வாசிக்க வேண்டாம். ரிசீவரை வைத்துவிட்டு, பட்டியலில் அச்சிட்டுள்ள எண்ணுக்கு நாமே அழைத்துக் கேட்க வேண்டும். அதற்கு முன் பங்கில் யாராவது ஒருவரிடம் பேச வேண்டும். விற்பனை அழைப்பு வேண்டாதவர்கள் பெயரைப் பதிந்துகொள்ளும் இலவசப் பதிவேடு ஒன்று 1999 முதல் அங்கு உண்டு. அதிலும் பலரைச் சேர்த்தோம். நேர்மையான வணிகர் அதைப் பார்த்து அழைக்காமல் இருப்பார். மற்றவர் அதைப் பார்ப்பதேயில்லை.

எதிர்பாராத ஓர் இடர்ப்பாடு எழுந்தது. முதியவர்கள் பலர், பேசிக்கொண்டிருப்பவரிடம் பாதியில் ரிசீவரை வைப்பது பிறரன்புக்கு எதிரானதன்றோ என்று கேட்டார்கள். விளையாட்டாகக் கேட்கவில்லை. யார் பேசினாலும் கேட்டு, கேட்டதற்கு உண்மை சொல்ல வேண்டும் என்று அவர்களை வளர்த்தது நம் திருச்சபையே. அந்த நற்பழக்கத்தைத்தான் திருடன் கைப்பிடியாகப் பிடித்துக்கொள்கிறான். ‘வீட்டுக்காரர் இல்லை என்று சொல்லிவிடவா?’ என்று ஒருவர் கேட்டார். புனித அகுஸ்தினார் பொய்யைப் பற்றி மட்டுமே இரு நூல்கள் எழுதி, நல்ல நோக்கத்துக்காகவும் பொய் ஆகாது என்று உறுதியாக நின்றவர். ஆகவே அந்த வழி வேண்டாம் என்றோம். அது தேவையுமில்லை. உண்மையை அறியும் உரிமை இல்லாதவருக்கு அதை வெளிப்படுத்தும் கடமை எவருக்கும் இல்லை என்று 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2489-ஆம் எண்ணில் கற்பிக்கிறது. யோவான் நற்செய்தி 10-ஆம் அதிகாரத்து ஆடுகளையும் நினைவூட்டினோம். அறியாத குரலைக் கேட்டதும் அவை நின்று நலம் விசாரிப்பதில்லை, ஓடிவிடுகின்றன. இந்த உவமை மறைக்கல்வி நூலைவிட அவர்களுக்கு எளிதில் பிடித்துக்கொண்டது.

2022-இல் எரிபொருள் விலை ஏறியபோது, அரசு ஒவ்வொரு வீட்டுக்கும் 400 பவுண்டு உதவி அறிவித்தது. விண்ணப்பம் ஏதும் இல்லை. அக்டோபர் முதல் ஆறு மாதத் தவணையில் தானாகவே கணக்கில் சேரும். உடனே, ‘விண்ணப்பிக்க இங்கே அழுத்துங்கள்’ என்று கைப்பேசிகளுக்குப் போலிச் செய்திகள் பெருகின. அந்தத் தடவை முதல் வாரமே அறிவித்தோம்.

2023-இல் தாயகம் திரும்பினோம். இங்கே வீட்டுக்காரர் நிறுவனத்தை மாற்ற வழியில்லாததால், மலிவு விலை என்ற தூண்டிலுக்கும் வேலையில்லை. வேறு தூண்டில் இருக்கிறது: ‘சென்ற மாதக் கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30-க்கு மின்சாரம் துண்டிக்கப்படும். இந்த அலுவலரை அழையுங்கள்.’ அங்கே ஆசை, இங்கே அச்சம். நம் கோவில் உபதேசியார் அத்தகைய செய்தியுடன் ஓடி வந்தபோது அவர் விரல் அந்த எண்ணின் மேலேயே இருந்தது. மறுநாள் திருப்பலி அறிவிப்பில் அதைச் சொன்னோம். லங்காஷயர்க் கதையையும் சேர்த்துச் சொன்னோம்.

அம்மூதாட்டிக்கு வங்கி பணத்தைத் திருப்பித் தந்துவிட்டது. தொலைபேசியை மீண்டும் பொருத்துவதற்குத்தான் ஈஸ்டர் வரை ஆயிற்று. அதற்கும் மகளோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்: இரண்டு முறை மணியடித்ததும் வைத்துவிட வேண்டும், பிறகு மீண்டும் அழைக்க வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான வழிதான். இப்போது மாதம் ஒரு முறை இங்கிருந்து நாமும் அவ்வாறே அழைக்கிறோம். முதல் மணியில் அவர் எடுத்ததே இல்லை.