கேளாமல் எழுந்த கை

மாலைச் செபமாலையின் மூன்றாம் தேவ இரகசியத்திற்குள் எவரேனும் ஒருவர் கொட்டாவி விடாத கத்தோலிக்க இல்லம் உண்டோ? ஒருவர் விட்டால் அடுத்தவரையும் அது தொற்றிக்கொள்ளும். சிறுவன் விட்டால் தலையில் ஒரு குட்டு விழும். தாத்தா விட்டாலோ, வாயின்மீது சிறு சிலுவை வரைந்துகொண்டு அடுத்த அருள் நிறை மந்திரத்திற்குப் போய்விடுவார். நீதி எல்லாருக்கும் ஒன்றாயிருப்பதில்லை!

கொட்டாவியையும் உடலை நெளிப்பதையும் சோம்பேறித்தனம் என்று பழிக்கிறோம். ஆனால் நம் மொழி அதனைச் சோம்பல் வளர்த்தல் என்னாமல், சோம்பல் முறித்தல் என்றே வழங்குகிறது. உறக்கத்தில், அதிலும் கனவு காணும் வேளையில், நம் தசைகள் பெரும்பாலும் தளர்ந்து கிடக்கின்றன. விழித்தவுடன் கைகளை உயர்த்தி, முதுகை வளைத்து, கால்களை நீட்டும்போது அவை இறுகி விரிகின்றன. அவற்றிலுள்ள இரத்தம் இதயத்தை நோக்கித் தள்ளப்படுகிறது. மூட்டுகளின் விறைப்பு நீங்குகிறது. திண்ணையில் படுத்திருக்கும் பூனைக்கு இதனைக் கற்பித்தவர் யார்? தாயின் வயிற்றில் மூன்று மாதம் நிறையாத சிசுவும் கொட்டாவி விடுவதை ஸ்கேன் கருவி காட்டுகிறது.

பிராணவாயு குறைவதால்தான் கொட்டாவி வருகிறது என்று பலரும் பள்ளியில் படித்திருப்போம். 1987-இல் அமெரிக்க ஆய்வாளர் இராபர்ட் புரொவைனும் அவருடைய துணைவர்களும், தூய பிராணவாயுவையும் கரியமிலவாயு மிகுந்த காற்றையும் மாணவர்களைச் சுவாசிக்கச் செய்து பார்த்தனர். கொட்டாவி கூடவுமில்லை, குறையவுமில்லை.

நம் விருப்பத்தைக் கேளாமலே இது வருகிறது என்பதை எங்கள் குடும்பத்தில் வேறொரு விதமாய் அறிந்தோம். 2014-இல் எங்கள் பெரியப்பாவைப் பக்கவாதம் தாக்கியது. வலக்கை மரக்கட்டைபோல் கிடந்தது. சில நாள்களுக்குப்பின் ஒரு விடியற்காலையில் அவர் நீண்டதொரு கொட்டாவி விட, அந்தக் கை தானாகவே மார்பளவு எழுந்தது. "மாதாவே!" என்று கூவிய பெரியம்மா, அக்கணமே வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டார். ஆனால் கையைத் தூக்கும்படி சொன்னபோது அது அசையவில்லை.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நாமாக நினைத்துக் கையைத் தூக்கும் ஆணை மூளையின் மேற்பகுதியிலிருந்து வருவதாம். நோய் சிதைத்தது அந்த வழியை. கொட்டாவியோ அடியிலுள்ள மூளைத்தண்டிலிருந்து பிறப்பது; அதன் பழைய வழி சேதமடையவில்லை. எனவே இது குணமாகிவிட்டதன் அடையாளமன்று, பயிற்சியை விட்டுவிடலாகாது என்றார்.

பெரியம்மா அன்று முழுவதும் அதிகம் பேசவில்லை. மறுநாள் முதல், பெரியப்பா விழிக்கும் நேரம் பார்த்துக் கட்டிலருகே அமர்ந்திருப்பார். கொட்டாவியோடு எழும் அந்தக் கையைத் தம் இரு கைகளாலும் தாங்கி, மெல்லப் படுக்கையில் இறக்கி வைத்துவிட்டே அடுப்படிக்குப் போவார்.