பியூனஸ் அயர்ஸில் பத்து நாட்கள்

தென் அமெரிக்கா என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது கால்பந்துதான். அர்ஜென்டினாவின் தலைநகராகிய பியூனஸ் அயர்ஸ், கோவையிலிருந்து ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர் தொலைவில், லா பிளாட்டா ஆற்றங்கரையில் அமைந்த மாநகரம். ‘நல்ல காற்று’ என்பது அதன் பெயருக்குப் பொருள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்த கிணத்துக்கடவுக்காரர்களாகிய எங்களுக்கு அப்பெயரே உவப்பாக இருந்தது. பணி நிமித்தம் எங்கள் மகன் அங்கே தங்கியிருந்தமையால், 2023 நவம்பரில் நானும் என் துணைவியாரும் அந்நகரைக் காணும் வாய்ப்பினை இறைவன் அருளினான்.

இங்கே மழைக்காலம், அங்கே வசந்தம். நண்பகலில் சூரியன் வடக்கு வானில் நிற்கிறது. கடிகாரம் நம்மைவிட எட்டரை மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது. அனைத்தினும் மேலாக, கிப்லாவின் திசை மாறிவிடுகிறது. பிறந்தது முதல் மேற்கு நோக்கித் தொழுது பழகிய நாங்கள், அங்கே சற்றே வடக்கு சாய்ந்த கிழக்குத் திசையை நோக்கி நின்றோம். மேற்கு என்பது நம் ஊருக்கு வாய்த்த திசையே. கஅபாவோ உலகோர் அனைவருக்கும் பொதுவானது. ஏட்டில் படித்து அறிந்த இவ்வுண்மையை உடலால் உணர்ந்தது அன்றுதான்.

நகரின் நடுவே ‘ஜூலை 9’ என்னும் அகன்ற பெருஞ்சாலை செல்கிறது. அதன் மையத்தில், நகரம் முதன்முதலில் நிறுவப்பட்டதன் நானூறாம் ஆண்டு நினைவாக 1936இல் எழுப்பப்பட்ட 67 மீட்டர் உயர வெண்தூண் நிற்கிறது. சாலைக்கு அடியில், 1913இலேயே தொடங்கப்பெற்ற சுரங்க ரயில் ஓடுகிறது; தென் அமெரிக்காவில் முதலாவது அதுவே. சாலையோரங்களில் ஜகரண்டா மரங்கள் இலை தெரியாமல் ஊதா நிறத்தில் பூத்திருந்தன.

என் மனம் கவர்ந்த இடம் ‘எல் அத்தேனியோ’ புத்தகக் கடை. 1919இல் நாடக அரங்காகத் திறக்கப்பட்ட அம்மாளிகை, 2000ஆம் ஆண்டில் புத்தகக் கடையாயிற்று. மேடையில் காப்பிக் கடை. பார்வையாளர் மாடங்களில் அமர்ந்து மக்கள் அமைதியாகப் படிக்கிறார்கள். உணவைப் பொறுத்தவரை, மாட்டிறைச்சிக்குப் பெயர் பெற்ற அந்நாட்டில் ஹலால் உணவகங்களைத் தேடித்தான் செல்ல வேண்டும். நாங்கள் மீன், முட்டை, பாலாடைக்கட்டி வைத்த ‘எம்பனாடா’ ஆகியவற்றோடு நிறைவடைந்தோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சிரியா, லெபனான் பகுதி மக்கள் இங்கே குடியேறினர். உதுமானியப் பேரரசின் கடவுச்சீட்டோடு வந்தமையால் அவர்களை இன்றும் ‘துருக்கியர்’ என்றே மக்கள் குறிப்பிடுவதுண்டு. பலெர்மோ பகுதியில், சவூதி அரேபியாவின் பொருளுதவியால் எழுந்து 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மன்னர் ஃபஹ்து இஸ்லாமியப் பண்பாட்டு மையம் உள்ளது. அங்கே ஜும்ஆவில் அரபு வம்சத்தாரும், தெரு வணிகம் செய்யும் செனகல் நாட்டு இளைஞர்களும் எங்களோடு ஒரே அணியில் நின்றனர்.

இத்தனையும் கண்ட பின்னும் எங்கள் உள்ளத்தில் ஆழப் பதிந்தது மே சதுக்கமே. இளஞ்சிவப்பு நிற அதிபர் மாளிகைக்கு எதிரே உள்ள அந்தச் சதுக்கத்தின் தரையில் வெண்ணிற முக்காடுகளை வரைந்திருக்கிறார்கள். 1976 முதல் 1983 வரை நடந்த இராணுவ ஆட்சியில் எண்ணற்றோர் கடத்தப்பட்டுக் காணாமற்போயினர். அவர்கள் தொகை 30,000 என மனித உரிமை அமைப்புகள் கூறுகின்றன. பிள்ளைகளைத் தேடிப் பதினான்கு தாய்மார்கள் 1977 ஏப்ரல் 30 அன்று அங்கே திரண்டனர். கூடி நிற்கக் கூடாது என்று காவலர் தடுத்ததால், இருவர் இருவராக அவர்கள் சதுக்கத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினர். அவர்கள் அடையாளமாக அணிந்த வெண்முக்காடு, தொடக்கத்தில் தம் பிள்ளைகளுக்குக் குழந்தைப் பருவத்தில் கட்டிய துணியே. முதல் தாய்மார்களுள் முன்னின்ற அசுசேனா வில்லாஃப்ளோர் அதே ஆண்டு டிசம்பரில் கடத்தப்பட்டார். 2005இல் அவருடைய எச்சங்கள் அடையாளம் காணப்பட்டு, அஸ்தி அச்சதுக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

மகன் இவற்றை விளக்கியபோது என் துணைவியார் கேட்டது ஒன்றே: “ஏனுங்க, இந்தத் தாய்மாருங்க இன்னமும் வர்றாங்களா?”

வருகிறார்கள். வியாழன்தோறும் மாலை மூன்றரை மணிக்கு அந்நடை இன்றும் தொடர்கிறது. அவ்வாரம் வியாழனன்று மீண்டும் சென்றோம். தாய்மார்களுள் பலர் மறைந்துவிட்டனர். எஞ்சியோர் மிகவும் முதியவர்கள். பொதுமக்களும் உடன் நடக்கலாம் என்று அறிந்ததும், வெண்ணிறத் துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு என் துணைவியாரும் ஒரு சுற்று நடந்தார். வழி தெரியாத ஊர், விளங்காத மொழி; எனினும் அவரிடம் எவ்விதத் தயக்கமும் இல்லை.

சிறையில் பிறந்து பிறரிடம் ஒப்படைக்கப்பட்ட பேரக் குழந்தைகளைத் தேடும் பாட்டிமார், மரபணுச் சோதனையின் துணையால் இதுவரை 130க்கும் மேற்பட்டோரைக் கண்டறிந்துள்ளனர். தேடல் இன்னும் முடியவில்லை. மகனைக் கண்டுவர நாங்கள் கடல் கடந்த தொலைவு பெரிதுதான். அச்சதுக்கத்தைச் சுற்றியே அத்தாய்மார்கள் நடந்த தொலைவோ அதனினும் பெரிது. அந்நகருக்குச் செல்ல வாய்க்கும் வாசகர்கள் ஒரு வியாழன் மாலையை அவர்களுக்கென ஒதுக்கிவைப்பார்களாக.